புகலிடம் கேட்டவர் பட்டம் படிக்க: இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன, எங்கே தவறுகின்றன

ஒரே ஊரிலிருந்து, ஒரே காரணத்துக்காக நாட்டைவிட்டு வந்த இரண்டு பேர் இங்கிலாந்தில் ஒரே வகுப்பில் சேர விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அகதி என்ற அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அவர் 'உள்நாட்டு மாணவர்'. 2025–26 கல்வியாண்டில் பட்டப்படிப்புக்கான உச்சவரம்புக் கட்டணம் 9,535 பவுண்ட். அதற்கு அரசுக் கல்விக்கடனும் உண்டு. மற்றவருடைய கேஸ் இன்னும் முடியவில்லை. அவர் கணக்கில் 'வெளிநாட்டு மாணவர்'. பல படிப்புகளுக்கு அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டும். கல்விக்கடன் கிடையாது, வேலை செய்து கட்டவும் அனுமதி கிடையாது.

சட்டம் அவரைப் படிக்காதே என்று சொல்லவில்லை. படிக்க வழியில்லாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த இடைவெளியைத் தன் சொந்த விதிகளாலும் சொந்தப் பணத்தாலும் ஒரு பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம் அடைக்க முடியும் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். கீழே சொல்வது இங்கிலாந்து நிலவரம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கட்டணம், கடன் இரண்டுக்குமே விதிகள் வேறு.

முதலில், யார் எந்த வரிசையில்

'அகதி மாணவர்' என்று பொதுவாகப் பேசும்போது குறைந்தது ஐந்து விதமான ஆட்களைப் பற்றிப் பேசுகிறோம். அகதி அங்கீகாரம் பெற்றவருக்கும், அவர் கேஸ் போட்ட நாளில் துணைவராகவோ பிள்ளையாகவோ இருந்தவர்களுக்கும் கட்டணமும் கடனும் உள்நாட்டு மாணவருக்கு உள்ளபடியே. மூன்று ஆண்டு இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் விதி அகதிக்குப் பொருந்தாது. இதை அறியாத சேர்க்கை அலுவலர்கள் இன்றும் தவறாக 'வெளிநாட்டுக் கட்டணம்' என்று கடிதம் அனுப்புகிறார்கள். அப்படி வந்தால் மறுபரிசீலனை கேட்டு எழுதலாம், எழுத வேண்டும்.

அடுத்தவர்கள் முடிவுக்குக் காத்திருப்பவர்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர்களைப் பற்றியது. மூன்றாவது, அகதி அல்லாத வேறு வகையில் குறிப்பிட்ட காலத்துக்குத் தங்க அனுமதி பெற்றவர்கள். இவர்களில் சிறுவயதிலிருந்தே இங்கே வளர்ந்தவர்களுக்கு 2015இல் உச்ச நீதிமன்றத்தில் டிகேரே வழக்கில் வந்த தீர்ப்புதான் கல்விக்கடனுக்கு வழி திறந்தது. நான்காவது, எல்லா மேல்முறையீடுகளும் தோற்று நிற்பவர்கள். ஐந்தாவது, உக்ரேன் திட்டத்தில் வந்தவர்கள். 2022இல் போர் தொடங்கிய சில மாதங்களுக்குள் அவர்களுக்கு உள்நாட்டுக் கட்டணமும் கல்விக்கடனும் அறிவிக்கப்பட்டன. நல்ல முடிவுதான். விதியை மாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதையும் அது காட்டிவிட்டது. சூடானியரும் எரித்திரியரும் ஈழத்தமிழரும் அதே கதவுக்கு வெளியே இன்னும் நிற்கிறார்கள்.

காத்திருப்பவர் படிக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு தாளைப் பார்த்தால் விடை தெரியும். அவர் கையில் ஹோம் ஆபிஸ் (குடிவரவைக் கவனிக்கும் உள்துறை அமைச்சகம்) கொடுத்த 'பெயில் 201' என்ற படிவம் இருக்கும். சிறையிலிருந்து வெளிவந்தவர் என்று அதற்குப் பொருளில்லை. கேஸ் முடியும்வரை என்ன நிபந்தனைகளில் வெளியே இருக்கிறார் என்பதே அதில் எழுதியிருக்கும். 2018 ஜனவரியிலிருந்து, 'படிக்கக்கூடாது' என்ற நிபந்தனையும் அதில் வர வாய்ப்புண்டு. அந்த வரி இல்லையென்றால் படிப்புக்குத் தடையில்லை. தவறுதலாக அந்த வரி விழுந்துவிட்டால் வழக்கறிஞர் வழியாக நீக்கச் சொல்லிக் கேட்கலாம். சேர்க்கை அலுவலகம் கேட்கவேண்டிய குடிவரவுக் கேள்வி இது ஒன்றுதான். ஆனால் நடைமுறையில் அவர்கள் கேட்பது வேறு: 'மாணவர் விசா எங்கே?' புகலிடம் கோரியவருக்கு மாணவர் விசா தேவையில்லை. அவரைச் சேர்ப்பதால் பல்கலைக்கழகத்தின் விசா உரிமத்துக்கும் எந்தப் பங்கமும் இல்லை.

பெயர்ப்பலகையும் அதன் பின்னால் இருப்பதும்

2005இல் ஷெஃபீல்டில் உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து 'புகலிட நகரம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2007இல் ஷெஃபீல்ட் அந்தப் பெயரை முதலில் ஏற்ற நகரமானது. அதிலிருந்து கிளைத்ததுதான் 'புகலிடப் பல்கலைக்கழகம்' என்ற விருது. தன் ஊழியர்களும் மாணவர்களும் புகலிடம் பற்றிக் கற்றுக்கொள்ளச் செய்வது, வரவேற்பை விதிகளுக்குள் பதிப்பது, கற்றதை மற்றவர்களோடு பகிர்வது என்ற மூன்றையும் செய்து காட்டும் நிறுவனத்துக்கு விருது தரப்படுகிறது. மூன்று ஆண்டுக்குப் பிறகு மறுபடி சோதிப்பார்கள்.

இதற்கு முன்பே 'ஆர்ட்டிகிள் 26' என்ற திட்டம் பல்கலைக்கழகங்களைத் தேடிப்போய்க் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வைத்துக்கொண்டிருந்தது. 1948இன் மனித உரிமைப் பிரகடனத்தில் கல்வியைப் பற்றிய 26ஆம் பிரிவின் பெயர் அது.

விருதைச் சுவரில் மாட்டுவது எளிது. மூன்றில் 'பதிப்பது' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நல்ல அலுவலர் தனியாகப் பிடித்து நடத்தும் உதவித்திட்டம், அவர் வேலை மாறிப் போன அடுத்த ஆண்டே படுத்துவிடும். அதனால் தொடக்கத்திலேயே ஒரு சிறு குழு வேண்டும்: சேர்க்கை, கட்டண நிர்ணயம், நிதி, விடுதி, மனநலம், மாணவர் விசாப் பிரிவு ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர். தலைமையில் கையெழுத்திடும் அதிகாரமுள்ள ஒருவர். 'கேள்வி இருந்தால் இவருக்கு எழுதுங்கள்' என்று இணையதளத்தில் ஒரு பெயரும் ஒரு நேரடி மின்னஞ்சலும். விண்ணப்பிக்கிறவருக்கு இந்தக் கடைசி வரிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. ஏனென்றால் பொது விசாரணைப் பிரிவில் கேட்டால் பத்தில் ஒன்பது முறை பதில் 'நீங்கள் மாணவர் விசா எடுக்க வேண்டும்' என்றுதான் வரும்.

கட்டணத் தள்ளுபடி, கைக்காசு

வெளிநாட்டுக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைக்கவில்லை. அதைக் குறைக்கவோ அறவே விடவோ பல்கலைக்கழகத்துக்கு முழு உரிமை உண்டு. முதல் படி, புகலிடம் கோருபவர் எல்லாருக்கும் உள்நாட்டுக் கட்டணமே என்று பொது விதியாக அறிவிப்பது. இது உதவித்தொகை அல்ல, போட்டியும் இல்லை. ஆனால் அதில் நின்றுவிட்டால் பயன் சொற்பம். கடன் கிடைக்காத ஒருவருக்கு 9,535 பவுண்டும் எட்டாத தொகைதான். அடுத்த படி, ஆண்டுக்கு இத்தனை பேருக்கு முழுத் தள்ளுபடி என்று இடம் ஒதுக்குவது.

நிதி அலுவலகத்தில் இதை எதிர்ப்பவர்களிடம் சொல்லவேண்டிய ஒரு கணக்கு உண்டு. இருநூறு பேர் உட்காரும் வரலாற்று வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்தால் கூடுதல் செலவு அற்பம். தள்ளுபடி என்பது பெரும்பாலும் வராத வரவுதான், கையைவிட்டுப் போகும் காசல்ல. ஆய்வகமும் மருத்துவமனைப் பயிற்சியும் உள்ள படிப்பில் இந்த வாதம் அவ்வளவாகச் செல்லாது, அங்கே உண்மையான செலவு இருக்கிறது. ஆனால் இரண்டிலுமே மாணவரின் வாழ்க்கைச் செலவு நிஜமான காசு. தள்ளுபடியை அறிவித்துவிட்டு இதை ஒதுக்க மறந்த திட்டங்களில்தான் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே நின்றுவிடுகிறார்கள்.

எவ்வளவில் வாழ்கிறார்கள் என்று பாருங்கள். தானே சமைத்துக்கொள்ளும் வீட்டில் இருக்கும் புகலிடக் கோரிக்கையாளருக்கு அரசு தருவது, 2024இல் நிர்ணயித்தபடி, வாரத்துக்கு 49.18 பவுண்ட். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,557. உணவு தரும் ஹோட்டலில் வைத்திருந்தால் வாரத்துக்குப் பத்துப் பவுண்டுக்கும் குறைவு. பல்கலைக்கழகம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்து, வாரப் பாஸ் 20 பவுண்ட் என்றால், சாப்பாட்டுக்கும் துணிக்கும் சோப்புக்கும் மிஞ்சுவது 29 பவுண்ட். ஹோட்டலில் இருப்பவருக்குப் பாஸே வாங்க முடியாது. வகுப்புக்கு வராததற்குக் காரணம் ஆர்வமின்மை என்று வருகைப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள்.

சரி, உதவித்தொகையாக ஆண்டுக்கு ஐயாயிரம் கொடுத்துவிடலாமே? இங்கேதான் நல்லெண்ணம் ஆளையே கவிழ்க்கும். 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்கீழ் வீடும் வாரப்பணமும் கிடைப்பது 'ஆதரவற்றவர்' என்ற கணக்கில். வேறு வரவு வந்தால் ஹோம் ஆபிஸுக்குச் சொல்லியாக வேண்டும். மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்தால் வாரப்பணம் குறையலாம், நிற்கலாம். வீட்டுக்கே ஆபத்து வரலாம். சொல்லாமல் விட்டால் இன்னும் மோசம். இந்தப் பணம் ஏறும் 'ஆஸ்பென்' அட்டையை எங்கே தேய்த்தார்கள் என்பதும் ஹோம் ஆபிஸுக்குத் தெரியும். போதாததற்கு, பலருக்கு வங்கிக் கணக்கே இருக்காது. உதவித்தொகை விதியில் 'யூகே வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தப்படும்' என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பணம் செலுத்தப்படாமலே கிடக்கும்.

அதனால் அனுபவமுள்ள பல்கலைக்கழகங்கள் முடிந்தவரை பொருளாகக் கொடுக்கின்றன. ஆண்டு முழுவதற்கும் பஸ் பாஸை நேரடியாக வாங்கிக் கொடுப்பது. மடிக்கணினியை நூலகத்திலிருந்து நீண்டகால இரவலாகத் தருவது. இணைய இணைப்புக்கு சிம் கார்டு, பாடநூல்கள், கேன்டீன் அட்டையில் மதியச் சாப்பாட்டுக்குப் பணம் ஏற்றுவது. களப்பயணத்துக்கும் ஆய்வகக் கோட்டுக்கும் துறையே கட்டிவிடுவது. பணமாகத்தான் தர வேண்டும் என்றால், கொடுக்கும் முன்பு மாணவர் தன் வழக்கறிஞரிடமோ புகலிட உதவி அமைப்பிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். 'வாழ்க்கைச் செலவுக்கு' என்று பொதுவாகச் சொல்லாமல் எந்தப் படிப்புச் செலவுக்கு என்று கடிதத்தில் பிரித்து எழுத வேண்டும்.

விடுதியும் இப்படித்தான். இலவச அறை என்று சொன்னால் பெரிய உதவி. ஆனால் அரசு கொடுத்த வீட்டைக் காலி செய்தவர் வாரப்பணத்தை மட்டும் தொடர்ந்து கேட்டு வாங்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கோடை விடுமுறையில் அறையைக் காலி செய் என்றால் போக இடமில்லை. 52 வார ஒப்பந்தம் என்றால் மட்டுமே விடுதி உதவி.

துணையில்லாமல் சிறுவராக வந்து உள்ளாட்சியின் பராமரிப்பில் வளர்ந்தவர்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பராமரிப்பிலிருந்து வெளிவந்தவர் என்ற தகுதியில் உயர்கல்விக்கு உள்ளாட்சி 2,000 பவுண்ட் தர வேண்டும் என்பது விதி. பலர் கேட்பதே இல்லை.

பாஸ்போர்ட் இல்லாத விண்ணப்பம்

விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் போகும். அதில் அகதியா, புகலிடம் கோருபவரா என்று சொல்ல இடம் உண்டு. சொன்னால் பல்கலைக்கழகம் உதவியைப் பற்றித் தகவல் அனுப்ப முடியும். முப்பது பவுண்டுக்குச் சற்றுக் குறைவான விண்ணப்பக் கட்டணத்தை இணையத்தில் கார்டு வழியாகக் கட்ட வேண்டும். கார்டு இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுகிறார். கல்லூரியோ தொண்டு அமைப்போ பல்கலைக்கழகமோ கட்டிவிடலாம். இத்தனை சிறிய தொகையில் இத்தனை பேர் தடுக்கப்படுவது வேறு எங்கும் இல்லை என்றே நினைக்கிறேன்.

அடையாளச் சான்று அடுத்த இடறல். பாஸ்போர்ட் பெரும்பாலும் ஹோம் ஆபிஸ் வசம் இருக்கும். கையில் இருப்பது ஏ.ஆர்.சி. என்ற பிளாஸ்டிக் அட்டை: படம், பெயர், பிறந்த தேதி, நாடு, வேலை அனுமதி உண்டா இல்லையா. அதில் காலாவதித் தேதியும் இருக்கும். அந்தத் தேதி கடந்துபோன அட்டையோடு மாதக்கணக்கில் இருப்பவர்கள் ஏராளம், புதியது வரத் தாமதமாகும். அட்டை காலாவதியானால் கேஸ் காலாவதியாகாது. இதைச் சேர்க்கைப் பிரிவின் கையேட்டில் ஒரு வரியாக எழுதி வைக்காவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் வாசலில் திருப்பி அனுப்பப்படுவார். அங்கீகாரம் பெற்ற அகதிகளுக்கு நிலைமை வேறு. 2024 முடிவோடு பழைய பிளாஸ்டிக் அனுமதி அட்டைகள் போய், எல்லாம் இணைய விசாவாகிவிட்டன. அவர்கள் பகிர்வுக் குறியீடு ஒன்றைக் கொடுத்தால் பல்கலைக்கழகம் இணையத்தில் சரிபார்க்கும்.

படிப்புச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு அபாயம் உண்டு, அது உள்ளே இருப்பவர்களுக்குத் தோன்றுவதேயில்லை. வழக்கமான விண்ணப்பதாரரின் சான்றிதழில் சந்தேகம் வந்தால், அந்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ தேர்வுத் திணைக்களத்துக்கோ தூதரகத்துக்கோ ஒரு மின்னஞ்சல் போடுவார்கள். புகலிடம் கோரியவர் விஷயத்தில் அது கூடவே கூடாது. இந்த ஆள் இங்கே இருக்கிறார், இந்தப் பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறார் என்று அவர் தப்பி வந்த அரசுக்கே தெரிவிப்பதாகும். ஊரில் அம்மா, தங்கை இருப்பார்கள்.

மாற்று வழிகள் இருக்கின்றன. 1997இன் லிஸ்பன் உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு, ஆவணம் முழுமையாக இல்லாவிட்டாலும் அகதிகளின் தகுதியை நியாயமாகவும் விரைவாகவும் மதிப்பிட வழி செய்யும்படி நாடுகளைக் கேட்கிறது. பிரிட்டனும் அதில் ஒப்பமிட்ட நாடு. ஐரோப்பிய கவுன்சில் 'அகதிகளுக்கான தகுதிப் பாஸ்போர்ட்' ஒன்றை வழங்குகிறது. இருக்கிற ஆவணங்களையும் விரிவான நேர்காணலையும் வைத்து இவர் இந்த மட்டம்வரை படித்திருக்கிறார் என்று எழுதித் தருவார்கள். ஒரு துறை தானாகச் செய்யக்கூடியதும் உண்டு: ஒரு எழுத்துத் தேர்வு, இருபது நிமிடப் பேச்சு, பழைய பாடத்திட்டம் பற்றிச் சில கேள்விகள். மூன்றாமாண்டு வேதியியல் படித்தவரா இல்லையா என்பதை ஒரு வேதியியல் பேராசிரியர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். சான்றிதழ் கையில் இருந்தால், யூகே எனிக் என்ற அமைப்பு அது பிரிட்டனின் எந்தத் தகுதிக்குச் சமம் என்று எழுதித் தரும். அதற்குக் கட்டணம் உண்டு. பல்கலைக்கழகத்திடம் இருக்கும் சந்தாவை வைத்து உள்ளேயே பார்த்துவிட்டால் மாணவருக்கு அந்தச் செலவு மிச்சம்.

ஆங்கிலத் தேர்வில் சிக்கல் இரட்டை. ஐஈஎல்டிஎஸ் எழுதக் கட்டணம் பல வார உதவிப் பணத்துக்குச் சமம். அடையாளத்துக்கு அசல் பாஸ்போர்ட்டோ தேசிய அடையாள அட்டையோ கேட்பார்கள். மாணவர் விசாவுக்குத்தான் குறிப்பிட்ட தேர்வுகள் கட்டாயம். விசா தேவைப்படாதவருக்குப் பல்கலைக்கழகம் தன் சொந்தத் தேர்வையே வைக்கலாம். கோடையில் நடக்கும் முன்தயாரிப்பு ஆங்கில வகுப்பில் இரண்டு இலவச இடம் ஒதுக்குவது செலவே இல்லாத உதவி, அந்த வகுப்பு எப்படியும் நடக்கப்போகிறது. ஐஈஎல்டிஎஸ் தான் வேண்டும் என்று நிற்கும் தொழில்முறைப் படிப்புகளுக்கு, 'ரெஃப்யூஎய்ட்' போன்ற அமைப்புகள் வட்டியில்லாக் கடன் தருகின்றன.

பதிவு வாரத்தில் நின்றுபோகும் திரை

இடமும் கிடைத்தது, தள்ளுபடியும் கிடைத்தது. செப்டம்பரில் இணையப் பதிவு. மூன்றாவது திரையில் 'பாஸ்போர்ட் எண்', அடுத்து 'விசா வகை', 'விசா முடியும் தேதி'. மூன்றும் கட்டாயப் புலங்கள். காலியாக விட்டால் அடுத்த திரைக்குப் போகாது. பதிவு முடியாவிட்டால் மாணவர் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் நூலகக் கதவு திறக்காது, பாடத்தளத்தில் நுழைய முடியாது, பஸ் பாஸும் வராது. பத்து நாள் கழித்து தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வரும்: பதிவு செய்யாததால் உங்கள் இடம் ரத்து. கட்டணப் பகுதியில் இன்னொரு தானியங்கி, 'முதல் தவணை நிலுவை' என்று. புகலிடம் கோரியவர் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது மனதில் என்ன ஓடும் என்று மென்பொருளுக்குத் தெரியாது.

தீர்வு மூன்று மாதம் முன்பே, ஜூனில் செய்யவேண்டியது. பதிவு மென்பொருளில் 'புகலிடம் கோருபவர்' என்று ஒரு வகையைச் சேர்த்து, அதைத் தேர்ந்தால் விசாப் புலங்கள் கேட்கப்படாதபடி வைப்பது. உடனே மென்பொருளை மாற்ற முடியாதென்றால், இந்த மாணவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பதிவுப் பிரிவில் ஒருவர் கையாலேயே பதிவு செய்வது. தள்ளுபடி நிதிப் பிரிவின் கணக்கில் ஏறிவிட்டதா என்று பதிவுக்கு முன்பே சரிபார்ப்பது.

செய்யக்கூடாத வேலை

புகலிடம் கோருபவர் வேலை செய்யக்கூடாது. பன்னிரண்டு மாதம் முடிவு வராமல் காத்திருந்தால் அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் அரசு பட்டியலிட்ட சில தொழில்களில் மட்டும். பல்கலைக்கழகத்துக்குள் இது பல இடங்களில் காலை வாரும். திறந்த நாளில் வழிகாட்ட மாணவர்களை மணிக்கூலிக்கு வைப்பார்கள். அவரை வைக்க முடியாது. காசுக்குப் பதில் கடை வவுச்சர் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். வேலைக்கு ஈடாகக் கொடுப்பது எதுவானாலும் ஊதியமே, மாட்டிக்கொண்டால் கேஸ் பாதிக்கப்படுவது அவருக்கு. தொண்டாக வந்தால் பஸ் செலவைத் திருப்பித் தரலாம், அதோடு நிறுத்த வேண்டும்.

ஓராண்டுத் தொழிற்பயிற்சி உள்ள பட்டம், சம்பளத்தோடு நிறுவனத்தில் வேலை செய்யும் 'சான்ட்விச்' படிப்பு, செவிலியர் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றில் சேரும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும். இரண்டாமாண்டு முடிவில் 'பயிற்சிக்குப் போக முடியாது, பட்டம் முடியாது' என்று சொல்வதைப்போல் கொடுமை வேறில்லை. பயிற்சி ஆண்டில்லாத அதே படிப்புக்கு மாற்றும் வசதியை, இடம் தருவதாகச் சொல்லும் கடிதத்திலேயே எழுதி வைக்கலாம்.

முடிவு வரும் நாள்

கேஸ் வென்ற செய்தி வந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பல்கலைக்கழகம் மிக விழிப்பாக இருக்கவேண்டிய மாதம் அதுதான். அங்கீகாரம் கிடைத்ததும் அரசு வீட்டையும் வாரப்பணத்தையும் விட்டு வெளியேறக் கெடு தொடங்குகிறது. வழக்கமாக 28 நாள். 2024 டிசம்பரிலிருந்து சிலகாலம் சோதனையாக 56 நாள் கொடுத்தார்கள். அதற்குள் இணைய விசாவைத் திறக்க வேண்டும், தேசியக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு, வாடகை வீடு. வீட்டுக்காரர் முன்பணமும் உத்தரவாதக் கையெழுத்தும் கேட்பார். நாட்டில் சொந்தக்காரர் இல்லாதவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்? பல்கலைக்கழகமே உத்தரவாதியாக நிற்கும் திட்டம் வைத்திருந்தால் இந்த இடத்தில் ஒரு மாணவர் தெருவுக்குப் போகாமல் தப்பிப்பார். பரீட்சை வாரத்தில் அந்த 28 நாள் விழுவதும் உண்டு. தள்ளிவைத்து எழுத வழி வேண்டும்.

கல்விக்கடனும் இந்தத் தேதியைப் பொறுத்துப் பிரியும். கல்வியாண்டு தொடங்கி மூன்று மாதத்துக்குள் அங்கீகாரம் வந்தால் அந்த ஆண்டின் கட்டணக் கடனுக்கே விண்ணப்பிக்கலாம்; தாண்டிவிட்டால் கட்டணக் கடன் அடுத்த ஆண்டிலிருந்துதான். ஆகவே 'அகதியாகிவிட்டார், இனிக் கடன் கிடைக்கும்' என்று உடனே தள்ளுபடியை நிறுத்தும் விதி இருந்தால் நடுவில் ஒரு ஆண்டு யாரும் கட்டாத பில்லாகத் தொங்கும். தள்ளுபடி அந்தக் கல்வியாண்டு முடியும்வரை தொடரும் என்று முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

தோற்ற செய்தி வந்தால்? மேல்முறையீடு இருக்கும்வரை படிப்புக்கு ஒன்றும் ஆகாது, 'படிக்கக்கூடாது' என்ற நிபந்தனை புதிதாக வராதவரை. படிப்பு முடியும்வரை உதவி தொடரும், சட்டம் தடுத்தால் மட்டுமே இடைநிறுத்தம், பின்னர் திரும்பி வரலாம் என்பதையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று: தங்குமிடத்தை ஹோம் ஆபிஸ் தேர்ந்தெடுக்கிறது. லெஸ்டரில் படிப்பவரை ஒரு வார முன்னறிவிப்பில் வேறு நகருக்கு மாற்றிவிடலாம். பல்கலைக்கழகம் கடிதம் எழுதினால் சிலசமயம் நிற்கும், எப்போதும் நிற்காது. சில வாரங்களுக்குப் பதிவு செய்த வகுப்புகளை வைத்துச் சமாளிக்க இடம் கொடுப்பதே கைவசம் உள்ள மருந்து.

விதிகள் நிற்காமல் மாறுகின்றன என்பதும் உண்மை. 2025 நவம்பரில் அரசு அறிவித்த மாற்றங்களில், அகதி அனுமதியை ஐந்து ஆண்டிலிருந்து 30 மாதமாகக் குறைப்பதும் ஒன்று. மூன்றாண்டுப் பட்டத்துக்கு நடுவே அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்று அர்த்தம். ஆண்டுக்கொரு முறையாவது கட்டண விதிகளை எடுத்துப் படிக்க ஒருவரைப் பொறுப்பாக்காத பல்கலைக்கழகம் பழைய தகவலையே கொடுத்துக்கொண்டிருக்கும்.

பேசக்கூடாதவை

அன்பினால் வரும் தவறு ஒன்று: பேராசிரியர் மாணவரின் கேஸைப் பற்றித் தானே ஆலோசனை சொல்லத் தொடங்குவது. உரிமம் பெறாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது இந்நாட்டில் குற்றம். படிப்பு, வருகை, தேர்வு முடிவு பற்றிக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். 'கேஸை வாபஸ் வாங்கிவிட்டு மாணவர் விசா எடு' என்றெல்லாம் சொல்லக்கூடாது. நல்ல வழக்கறிஞரைக் காட்டிவிடுவதோடு வேலை முடிந்தது.

உதவித்தொகை விண்ணப்பத்தில் 'நாட்டைவிட்டு வந்த கதையை 500 சொற்களில் எழுதுக' என்று கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கேட்பவர்களுக்கு அது தேர்வுக்கு உதவும் என்று தோன்றுகிறது. எழுதுபவருக்கு அது மறுபடி ஒரு விசாரணை. ஹோம் ஆபிஸ் நேர்காணலில் சொன்ன தேதிக்கும் இதில் அவசரத்தில் எழுதிய தேதிக்கும் வித்தியாசம் வந்தால் பின்னால் கேள்வியாகவும் எழலாம். என்ன படிக்க விரும்புகிறார், ஏன் இந்தப் பாடம், என்னென்ன தடை இருக்கிறது என்று கேட்டால் தேர்வுக்குப் போதும். சித்திரவதைக்கு ஆளானவர் உருக்கமாக எழுதியதால் ஜெயிப்பதும், சொல்ல விரும்பாதவர் தோற்பதும் நியாயமான போட்டி அல்ல.

புகைப்படமும் அப்படியே. விளம்பரத் துறைக்கு இந்த மாணவர்களின் முகம் வேண்டும். பட்டமளிப்பில் எடுத்த படம் முகநூலில் போய் ஊர்வரை எட்டிவிடும். ஒப்புதல் எழுத்தில் வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று இருக்க வேண்டும், உதவித்தொகைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது.

வருகைப் பதிவில் ஒரு சிறு மாற்றம் போதும்: ஹோம் ஆபிஸ் நேர்காணல், கையெழுத்திடப் போகும் நாள், வழக்கறிஞர் சந்திப்பு ஆகியவை அனுமதிக்கப்பட்ட விடுப்பு.

படிக்க வருபவர் மட்டுமல்ல

பாடம் நடத்துபவர்களும் தப்பி வருகிறார்கள். 1933இல் ஜெர்மனியில் யூதப் பேராசிரியர்கள் பதவி நீக்கப்பட்டபோது வில்லியம் பெவரிட்ஜின் முயற்சியில் லண்டனில் ஒரு சபை தொடங்கியது. இன்று காரா என்ற பெயரில் அது இயங்குகிறது. உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸும், பின்னாளில் பாராலிம்பிக்ஸுக்கு வித்திட்ட மருத்துவர் லுட்விக் குட்மனும் அந்த உதவியில் நிலைத்தவர்கள். பல்கலைக்கழகம் அறையும் ஆய்வகமும் தர ஒப்புக்கொண்டால், ஆபத்தில் இருக்கும் ஆய்வாளர் அங்கே வந்து சேர காரா வழி செய்கிறது.

கனடாவில் ஒழுங்கு வேறு. 'வுஸ்க்' என்ற அமைப்பு 1978 முதல் நடத்தும் திட்டத்தில், மாணவர்கள் தங்கள் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்டி, முகாமில் இருக்கும் ஒரு இளைஞரை நிரந்தரக் குடியிருப்பு அனுமதியோடு தங்கள் வளாகத்துக்கு வரவழைக்கிறார்கள். கட்டணப் பிரச்சினை, வேலைத் தடை எதுவும் அங்கே எழுவதில்லை, ஏனென்றால் விமானத்திலிருந்து இறங்கும்போதே அவர் நிரந்தரக் குடியிருப்பாளர். பிரிட்டனில் இன்று நடப்பதைவிட இது மேலான அமைப்பு என்பது என் கருத்து. ஆனால் எல்லை தாண்டி ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு அது உதவாது.

விண்ணப்பிக்கிறவருக்கு

லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ 'அசைலம் அடித்துவிட்டு' (புகலிடம் கோரிவிட்டு) இருக்கும் ஒருவர் இதைப் படித்தால் அவருக்கு வேண்டிய வரிசை இது. பெரும்பாலான புகலிட உதவித்தொகைகள் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் திறந்து மூடிவிடும். பலவற்றுக்கு முதலில் படிப்பில் இடம் கிடைத்திருக்க வேண்டும். எனவே யூகாஸ் விண்ணப்பத்தை ஜனவரிக் கெடுவுக்கு முன்பே போடுவது நல்லது. 'ரெஃப்யூஜி எஜுகேஷன் யூகே' நடத்தும் இணையதளமும், 'ஸ்டார்' என்ற மாணவர் அமைப்பின் பட்டியலும் எந்தப் பல்கலைக்கழகம் என்ன தருகிறது என்று காட்டும்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதும் மின்னஞ்சலில் நான்கு தகவல் போதும்: புகலிடக் கோரிக்கை முடிவுக்குக் காத்திருக்கிறேன், 'படிக்கக்கூடாது' என்ற நிபந்தனை இல்லை, இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன், கட்டண நிலையை மதிப்பிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். கேஸின் விவரம் ஒன்றும் எழுத வேண்டாம். தொலைபேசியில் 'முடியாது' என்று சொன்னால் அதையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டதும் வேறு பதில் வருவது வழக்கம். இடம் கிடைத்து உதவித்தொகை கிடைக்காமல் போனால், அந்த இடத்தை ஓராண்டு தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். பலர் சம்மதிப்பார்கள். அந்த ஆண்டில் அருகிலுள்ள கல்லூரியில் 'ஆக்சஸ்' (பல்கலைக்கழகத்தில் சேரத் தயார்செய்யும்) படிப்போ ஆங்கில வகுப்போ முடித்தால், அடுத்த சுற்றில் பாஸ்போர்ட் இல்லாத, ஊர்ச் சான்றிதழ் இல்லாத பிரச்சினைகள் இரண்டுமே பாதியாகக் குறையும்: கல்லூரி ஆசிரியர் ஒருவர் பரிந்துரைக் கடிதம் எழுதுவார், மதிப்பெண் பட்டியல் இங்கிலாந்திலேயே இருக்கும்.